கழன்ற ஒயரில் மெஷின் ஓடாது

சரவணா,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. போன் செய்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். நேரில் வாயைத் திறந்தால் மண்டபக்காரர், சமையல்காரர் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப் போவதில்லை. ஹாலில் டிவி ஸ்டாண்டின் மேல் விரித்தே வைக்கப் போகிறேன். உங்கப்பா படிக்கட்டும், மொய் எழுத வருகிற சொந்தக்காரர்கள் படிக்கட்டும், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் வந்தால் அவளும் படிக்கட்டும். உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு நாலு மாதமாக வந்துகொண்டிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், உன் பத்திரிகை எல்லாம் அடுக்கிக்கொண்டு திருமழிசையில் ஒரு தெரு விடாமல் அழைக்கப் போனேன். உன் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கிற படிப்பையும் கம்பெனிப் பெயரையும் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஏரிப் பாசன நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவரின் பேரன் அம்பத்தூரில் சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்று ஒரு கிழவர் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடைசியாகத்தான் அம்சா வீட்டுக்குப் போனேன். கடைசியாகப் போனதற்குக் காரணம் உனக்குத் தெரியும்.

அம்சா யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் சூப்பர்வைசராக இருக்கிற பேனல் கம்பெனியில் பதினொரு வருஷம் ஒயர் மாட்டியவள். மெஷின்களை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற இரும்புப் பெட்டி இருக்கிறதே, அதைத்தான் பேனல் என்கிறோம். அவள் மாட்டுவாள், ஒவ்வொரு ஒயராக நான் இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டெர்மினல் என்கிற வாயில் ஒயரை நுழைத்து ஸ்க்ரூவை இறுக்கியதும் அதன் தலையில் தொடங்கிப் பக்கத்து பிளாஸ்டிக் வரைக்கும் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். பிற்பாடு ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் ஏனோதானோவென்று இழுத்துவிடுவார்கள். அம்சாவின் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருக்கும்.

தட்டை வாங்கிக்கொண்டாள். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நம்ம சரவணா நைனா கல்யாணத்துக்கு நான் வராம வேற யாருக்கா வருவா? நலங்குக்கு மொத ஆளா வந்து நிக்கறேன் பாரு” என்றாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். “அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. அந்த ஸ்க்ரூவ நான் டைட்டு பண்ணேன் தான? செவப்புக் கோடு போட்டேன் தான? நீதான செக் பண்ண? இப்பல்லாம் ஊட்டுல கேஸ் அடுப்ப மூடிட்டுக்கூட நாலு தபா போய்ப் பாக்கறேன்கா. எம்மேல எனக்கே டவுட்டா கீது.” நான் தண்ணீரை முழுக்கக் குடித்தேன். அப்புறம் இன்னும் மூன்று வீடு பாக்கி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் போர்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன் வேலை எனக்குப் புரியாது என்று நீ சொல்லிக்கொண்டு திரிவதால், எனக்கு என்ன புரிந்திருக்கிறது என்று இங்கே எழுதி வைக்கிறேன். நீ சேர்ந்த கம்பெனி மெஷின்களுக்கான கன்ட்ரோல் போர்டு செய்தது. நான்தான் எங்கள் முதலாளியிடம் போய், “எம்புள்ள பண்ற போர்டு சார், ஒருவாட்டி போட்டுப் பாருங்க” என்று நின்றேன். அது என் முதல் தப்பு. போர்டைக் காட்ட நீ வந்த அன்று எங்கள் மேசையில் அதை வைத்து எல்லோருக்கும் பாடம் எடுத்தாய். சிப்பைச் சுற்றி வரிசையாகப் பின்கள். அதில் சில வெளியே இருந்து சேதி கேட்டுக்கொள்பவை, சில வெளியே சேதி சொல்பவை. எந்தப் பின் கேட்க வேண்டும், எது சொல்ல வேண்டும், ஒயரில் ஒன்றுமே வராதபோது அது என்னவென்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் டிரைவர் என்கிற புரோகிராம்தான் முதலிலேயே சொல்லிவைக்கும், அந்த டிரைவரை எழுதியது நான்தான் என்றாய். பெண்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நானும்தான்.

அன்றைக்கு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “இந்த மூடி சுவிட்ச்சு ஒயரு புட்டுக்கினா உன் பின்னு இன்னாடா சொல்லும்?” ஒயர் வேலை செய்கிற யாரும் முதலில் கேட்கிற கேள்வி அது. மெஷினின் மூடி போட்டிருந்தால் ஒயரில் கரண்ட் வரும், திறந்தால் வராது. ஒயர் கழன்றாலும் வராது. கரண்ட் வராவிட்டால் மெஷின் நின்றே ஆக வேண்டும். இருபத்தாறு வருஷமாக நாங்கள் அப்படித்தான் மாட்டுகிறோம். நீ அம்சாவைப் பார்த்துச் சிரித்தாய். “எங்கம்மா இன்னும் ரிலே காலத்துலயே கீறாங்க. அதெல்லாம் டிரைவர் பாத்துக்கும்மா” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். பெருமையில் நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நீ பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பின் கேட்கிற பின் என்று மட்டும் எழுதினாய். ஒன்றும் வராதபோது அதைக் கீழே, ‘மூடி திறந்திருக்கு’ என்கிற பக்கம், இழுத்துப் பிடித்துக்கொள் என்று ஒரு வரி எழுத வேண்டும், அதை எழுதாமல் விட்டாய். பிடிப்பில்லாத பின் அந்தரத்தில் தொங்கும். உன் மேசையில் கையகல ஒயரை வைத்து நீ சோதித்தபோது அது சமர்த்தாக இருந்தது. உன் போர்டை வைத்து நாங்கள் செய்த பேனல் போன கேன்டீனில் அந்த ஒயர் மோட்டார் ஒயரோடு சேர்ந்து ஆள் உயரத்தைவிட நீளமாக ஓடியது. அங்கே பக்கத்து ஒயரின் சலசலப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு அது வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறது.

கேன்டீன் மாஸ்டர் தாமோதரன் மாவு பிசைகிற மெஷினின் மூடியைத் திறந்தார். மெஷின் நின்றது. நின்றதை நம்பி உள்ளே கையை விட்டு ஓரத்து மாவை வழித்தார். உன் பின் மூடி போட்டாகிவிட்டது என்று சொன்னது, மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓடியது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. பரோட்டாவுக்கு மாவு வீசுகிற கை. இன்று வரை அவரால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. அவரை நான் போய்ப் பார்த்தேன். நீ போகவில்லை.

உங்கள் கம்பெனியிலிருந்து போய்ப் பார்த்து அறிக்கை எழுதினீர்கள். மூடி சுவிட்ச் ஒயர் டெர்மினலில் தளர்வாக இருந்தது, ஒயர் மாட்டியவரின் கவனக்குறைவு. அவ்வளவுதான், இரண்டே வரி. எங்கள் முதலாளி அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, சூப்பர்வைசர் என்று நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கழன்ற ஒயர் மெஷினை நிறுத்துமே தவிர ஓட வைக்காது என்பது நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? வெளியே போய் உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்ததும் அழுதாய். “எம்பேரு வந்தா வேல போய்டும்மா. இப்பதாம்மா பொண்ணு ஊட்ல ஓகே சொன்னாங்க. ஒரு கையெழுத்து தானம்மா.” உள்ளே வந்து போட்டுவிட்டேன். அடுத்த வாரம் அம்சாவை நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, “உனுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த எஸ்டேட்டில் வேறு எந்தப் பேனல் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. கையை உடைத்தவள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது குத்தம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் தரை துடைக்கிறாள்.

அதற்கு அப்புறம்தான் அந்தப் பேனல் என் மேசைக்கு வந்தது. கூடவே நீ அனுப்பிய புதுப் புரோகிராமும் வந்தது. சின்னத் திருத்தம், ஏற்றி அனுப்புங்கள் என்று குறிப்பு எழுதியிருந்தாய். ஏற்றுவதற்கு முன்னால் பேனலைத் திறந்து பார்த்தேன். அந்த ஸ்க்ரூவின் மேல் அம்சா போட்ட சிவப்புக் கோடு ஒரு மயிரிழைகூட உடையாமல் நேராக இருந்தது. தளர்வு என்று எழுதினீர்களே, எங்கே தளர்வு? நான் ஸ்க்ரூவைத் திருகி அந்த ஒயரைச் சுத்தமாக வெளியே எடுத்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்து வெறும் டெர்மினலின் மேல் வைத்தேன். பேனல் திரையில் மூடி போட்டிருக்கு, திறந்திருக்கு, போட்டிருக்கு என்று மாறி மாறி வந்தது. ஒயரே இல்லை சரவணா. வெறும் என் விரல். பிறகு உன் புதுப் புரோகிராமை ஏற்றி மறுபடி விரலை வைத்தேன். எவ்வளவு அழுத்தினாலும் மூடி திறந்திருக்கு என்பதிலிருந்து அது அசையவே இல்லை.

அப்போதே உனக்குப் போன் செய்தேன். நீ மழுப்பக்கூட இல்லை. “ஆமாம்மா, ஒரு வரி வுட்டுப்போச்சு. அதான் இப்ப சரி பண்ணிட்டேனே. வுடேன்” என்றாய். வரியை விட்டதற்காக நான் உன்னை இவ்வளவு வெறுக்கவில்லை. வெறுக்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நானும் ஒயரை மாற்றி மாட்டியவள்தான். ஒருமுறை என் தப்பால் ஒரு மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது, எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தப்பு எது என்று தெரிந்து, அதை யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டு, அதற்கான தண்டனையை இன்னொருத்தி தலையில் அப்படியே விட்டுவைத்தாயே, அதற்கு என்ன பெயர்? உன் புரோகிராமைத் திருத்த ஒரு வரி எழுதத் தெரிந்த உனக்கு, அம்சாவுக்காக ஒரு வரி எழுத வரவில்லை.

இதை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான். நீ ஏழாவது படித்தபோது தெருப் பொதுத் தொட்டியின் மேல் ஏறி, தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த அதில் மிதக்கிற சுவிட்சை என்னவோ செய்துவிட்டு இறங்கி வந்தாய். போர்வெல்லில் தண்ணீர் வற்றியும் மோட்டார் நிற்காமல் ஓடிக் கருகிப் போனது. மோட்டார் போடுகிற பழனியைத் தெருவே சேர்ந்து ஏசியது. குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்றார்கள். அந்த மனுஷன் டீயைத் தவிர எதையும் குடிக்காதவர். உன் சட்டை முழுக்கத் தொட்டிப் பாசி. அதை நான் ஒரு வார்த்தை பேசாமல் தேய்த்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். பழனி குடும்பத்தோடு ஆவடிப் பக்கம் போய்விட்டார். உனக்கு அன்றிரவு முட்டைத் தோசை சுட்டுப் போட்டேன். நான் அன்றைக்கு உன் காதைப் பிடித்துத் தெருவில் நிறுத்தியிருந்தால் இன்றைக்குத் தாமோதரன் கை எப்படியும் உடைந்திருக்கலாம், ஆனால் அம்சா தரை துடைத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

இன்னொன்று. இதற்கு நீ பதில் சொல்லியே ஆக வேண்டும். புதுப் புரோகிராம் எங்களிடம் வந்த பேனல்களுக்குத்தான் ஏறியிருக்கிறது. அதற்கு முன்னால் போன போர்டுகள்? பூந்தமல்லியில் ஒரு பேக்கரிக்குப் போனதை நானே வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அங்கே யாராவது மூடியைத் திறந்துவிட்டு நின்றதே என்று நம்பிக் கையை விட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேக்கரிக்கு நேற்று நானே போன் செய்து, மெயின் சுவிட்சை அணைக்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மற்ற இடங்கள் உனக்குத்தான் தெரியும். நீ சத்தமில்லாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவர்கள் உன் தயவில் கையை விடுகிறார்கள். மேடையில் மாலையோடு நின்று போட்டோவுக்குச் சிரிக்கும்போது உனக்கு இது ஞாபகம் வராமல் போனால், நீ என் வயிற்றில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

என் பங்கை நான் செய்துவிட்டேன். திங்கட்கிழமை காலை முதலாளி மேசையில் ஒரு கடிதம் வைத்தேன். நான் போட்ட கையெழுத்து பொய், ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது, கோடு உடையவில்லை, விரல் வைத்துப் பார்த்தேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். “கல்யாண நேரத்துல ஏம்மா இதெல்லாம்?” என்றார். அவர் கவலை அவருக்கு. என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாலும் சரி.

அங்கிருந்து நேரே அம்சா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். “அம்சா, நீ டைட்டுதான் பண்ண. கோடு நேராதான் கீது. தெரிஞ்சேதான் நான் கையெழுத்து போட்டேன்.” ஏன் போட்டேன் என்று சொல்லவில்லை. உன் பங்கு உன் வாயால் வர வேண்டும். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்ப நான் சரியாதான் மாட்டிக்கீறேன்” என்று தனக்குள்ளேயே இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். பிறகு உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமை நான் வைத்துவிட்டு வந்த தட்டை அப்படியே எடுத்து வந்தாள். பத்திரிகை, வெற்றிலை, பழம், எதையும் தொட்டிருக்கவில்லை. என் கையில் கொடுத்தாள். “இத்த நைனாவே வந்து குடுக்கட்டும்கா” என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நாம் இரண்டு பேரும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நலங்கு. நம் வீட்டில் முதலில் சந்தனம் பூசுகிற கை பெற்றவளுடையது. இந்த முறை அம்சாவினுடையது. உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றுவிட்டார். அவள் வராவிட்டால் நலங்கு கிடையாது, மணையில் நீ தனியாக உட்கார்ந்திரு. வருவதா வேண்டாமா என்பது, நீ போய் உன் வாயால் எல்லாவற்றையும் சொன்ன பிறகு அவள் முடிவு செய்ய வேண்டியது. வந்து உன் கன்னத்தில் சந்தனம் பூசுவாளோ அறைவாளோ, அதுவும் அவள் இஷ்டம்.

தட்டு இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெற்றிலையை மாற்றிவிட்டேன். பழத்தை மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பூவன், இன்று புதன்கிழமை, காம்பு கறுக்கத் தொடங்கிவிட்டது. நாளைக்கு மேல் தாங்காது.

அம்மா